களிமண் கலந்த கவுன்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போய்விட்டார்கள். துணி கண்ணில் படாத நேரம். கோணிச் சாக்கு கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்கள் ரப்பர் ஷீட்டைத்தான் உடம்பில் சுற்றிக்கொண்டோம்.

அம்மா பால்வெட்டப் போனால் என்னைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. லயத்துக்குப் பின்னால் ரப்பர்ப் பாலை உறைய வைத்து ஷீட் போடுவார். மண்ணெண்ணெய் ஏது? ரப்பர்த் துண்டைப் போட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம். ஒருநாள் ஒரு துண்டு எவ்வளவு ஊதியும் பற்றவில்லை. புகைந்து அணைந்தது. அடுப்பு மெழுகக் கரைத்த வெள்ளைக் களிமண், ரப்பர்ப் பால் ஊற்றிய தட்டில் கொட்டி, அப்படியே உறைந்துபோன ஷீட் அது. நானாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். அக்கா அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் வேண்டுமென்றே களிமண் கலந்து ஷீட் போட்டு, எனக்கு ஒரு கவுன் வெட்டிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, விறைப்பாக இருக்கும். “சுவரு வருது டோய்!” என்று லயத்துப் பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கு அழுகையாக வரும்.

“ஒங்களுக்கு இல்லையாக்கா?”

“நான் குனிஞ்சு நிமிர்ற ஆளு லா. மண்ணு சேர்த்தா மடிப்புல வெடிச்சிருது. மானம் போயிரும்டி.”

ஒரு மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கொள்ளிக்கட்டை சரிந்து என் கவுன் ஓரத்தில் விழுந்தது. அக்கா பாய்ந்து வந்து வெறுங்கையால் தட்டினார். என் கவுன் புகைந்ததோடு சரி. அவர் கட்டியிருந்த வெறும் ரப்பரின் நுனி அடுப்பில் கிடந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. குபீரென்று பிடித்து, உருகி, உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. ஓடி வந்தவர்கள் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஆனால் உரித்தெடுக்க முடியவில்லை.

அக்காவை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும், “ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?” என்றார். விடிவதற்குள் போய்விட்டார். பாவி, நான் அந்தக் கவுனைத்தான் போட்டுக்கொண்டு நின்றேன். வேறு இல்லை.

என் மகன் இப்போது ஒயர் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். சீக்கிரம் தீப்பிடிக்காமலிருக்க, மேலே வரும் பிளாஸ்டிக்கில் ஏதோ வெள்ளைக் கல்மாவு கலப்பார்களாம். “ரொம்பப் போட்டா வெடிச்சிரும்மா” என்று அன்றொரு நாள் சோறு தின்றபடி சாதாரணமாகச் சொன்னான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெடித்தால் வெடிக்கட்டும், மானம் போனால் போகட்டும் என்று அக்கா தனக்கும் கொஞ்சம் மண் கலந்து கட்டியிருக்கக் கூடாதா என்று, இன்றைக்கும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.