வயலில் எறிந்த ரப்பர்

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். என் மனைவிக்குப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போடுகிற சிரமம் மிச்சம்.

போன மாதம் என் மொறிஸ் மைனர் காரின் பிரேக்கைத் திருத்தக் காசிம் பாஸிடம் கொடுத்தேன். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் கிண்ணியாக்கார மெக்கானிக். கார் வந்த மறுநாளே மனைவியோடு தம்பலகாமத்துக்குப் புறப்பட்டேன். கப்பல்துறை தாண்டியதும் குறுக்கே ஓர் எருமை. பிரேக்கை மிதித்தேன்... கால் தரைவரை போனது, கார் வயல்வரை போனது. மனைவியின் நெற்றியில் நான்கு தையல். எருமைக்கு ஒன்றுமில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் வயலுக்குத் திரும்பி வந்தால், அவ்வூரில் டிராக்டர் திருத்துகிற ஒருவர் கார்ச் சில்லைக் கழற்றி வைத்திருந்தார். பிரேக் எண்ணெயை அடைத்து நிறுத்துகிற ரப்பரைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறதாம். இதுதானா அந்தப் பாவி என்று வாங்கி, முழுப் பலத்தோடு வயலுக்குள் எறிந்தேன். சேறு விழுங்கியது. என்ன வீரம்!

வழக்குப் போடத்தான் வேண்டும் என்றாள் மனைவி. சட்டத்தரணி விரல் மடித்து வழி சொன்னார். முதலில் கடிதம். மசியாவிட்டால், இரு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கிற இணக்கசபை. அங்கேயும் சரிவராவிட்டால், தீரவில்லை என்ற சபையின் அத்தாட்சியோடு நீதிமன்றம். எனக்கு நெஞ்சு இரண்டங்குலம் நிமிர்ந்தது.

"சரி, அந்த ரப்பரைக் கொண்டாங்கோ" என்றார்.

எறிந்த கதையைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்து, சில்லைக் கழற்றினவராவது சாட்சிக்கு வருவாரா என்று கேட்டார். டிராக்டர்காரரோ, கோடு கச்சேரிக்கெல்லாம் தன்னால் வர ஏலாது என்று கையை விரித்துவிட்டார்.

காசிம் பாஸுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு இணக்கசபைக்குப் போனேன். கையில் ஒன்றுமில்லாததால் வாயால் ஈடுகட்டினேன் — நீளமாக. ஜன்னலருகே இரண்டு லொறி முதலாளிகள், காசிம் பாஸின் வாடிக்கைக்காரர்கள், காது கொடுத்து நின்றார்கள். 'இல்லை' என்று எதிரே இருந்த காசிம் பாஸ் ஒரு சொல் சொன்னால் என் வழக்கு முடிந்தது. 'ஓம்' என்றால் அவர் பெயர் முடிந்தது.

அவர் எழுந்தார்.

"யோசிச்சுப் பார்த்தன்; ரப்பரை நான்தான் மறுபக்கமாப் பூட்டின. ஓடிப் பார்க்காமக் குடுத்ததும் நான்தான். கடிதத்துக்கு நேரில வந்துதான் பதில் சொல்லணும் எண்டு இருந்தன்."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, காயம் ஆறிவிட்டதா என்று கேட்டார். தையல் செலவு தன்னுடையது, நாலு சில்லின் பிரேக்கையும் புதிதாகச் செய்து தருவதாகத் தானே சொல்லி எழுதுவித்துக் கையெழுத்திட்டார். இணக்கம் பேச வந்த சபையார் மூவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. என் மனைவிக்குக் கோபிக்க ஆள் இல்லாமல் போயிற்று — என்னைத் தவிர.

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருந்ததா? ரப்பரும் இல்லை, சாட்சியும் இல்லை, இல்லையென்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவரிடமே கேட்டேன்.

காசிம் பாஸ் சைக்கிளில் ஏறினார்.

"பூட்டினவன் நான் இருக்கிறனே, ஐயா."