திருமண் முடியும்வரை எறும்புப் பாடம்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும் ஓடும். ஒத்திகை மட்டும் தமிழில், காலையில், என் கணவரிடம். அவர் கண்ணாடி முன் உட்கார்ந்து திருமண் இட்டுக்கொள்ளும் நேரம் அது. கோடு கோணிவிடும் என்று வாயைத் திறக்கமாட்டார், தலையைத் திருப்பமாட்டார். இதைவிட ஒழுங்கான மாணவனை நான் கண்டதில்லை. நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோட்டை இட்டு முடித்ததும் எழுந்து கோயிலுக்குப் போய்விடுவார். நான் பாடத்தின் பாதியில் நிற்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

போன வருஷம், ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவள் விடுப்பு முடியும் தறுவாயில் அப்பாவும் பெண்ணும் கூடிப் பேசி, நான் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இன்னும் சில வருஷம் சர்வீஸ் இருந்தது. கோயில் மடப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பஞ்சாங்கத்தையும் பேப்பரையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் வீட்டில் உட்காரவேண்டியவள் நான்.

"நீயே சொல்லியிருக்கியே, வேலைக்கார எறும்பெல்லாம் பொம்மனாட்டிதான், புத்துக்குள்ளயே இருந்து குஞ்சுகளைப் பாத்துக்கும்னு. எறும்புக்கே தெரியறது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொன்னது நான்தான். ஆனால் அது பாடத்தின் முதல் பாதி.

மறுநாள் அவர் முதல் கோட்டை இழுக்கும்வரை காத்திருந்து, இரண்டாம் பாதியிலிருந்து தொடங்கினேன். குஞ்சு வளர்ப்பது இளசுகளின் வேலை. பல இனங்களில், வயதாக ஆக உடம்பில் ஒரு ஹார்மோன் ஏறும். ஏறினால் புற்றுக்குள் இருப்புக்கொள்ளாது, இரை தேட வெளியே கிளம்பிவிடும். அதையே இளசுக்குத் தடவினால் அதுவும் சீக்கிரம் கிளம்பும். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பெயர் இளமை ஹார்மோன்.

"வயசான எறும்பை உள்ள உக்காத்தி வெச்சா அதால இருக்க முடியாது. என்னாலயும் முடியாது" என்றேன்.

கோடு கோணியது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அந்த அவகாசத்தில், வேலையை விட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

திருமண் இடும் நேரத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அப்போ ஆம்பளை எறும்பு என்ன பண்ணும்?"

பாடப்படி அது ஒரு வேலையும் செய்யாது. றெக்கையோடு ஒருநாள் பறக்கும், ராணியோடு கூடும், செத்துப்போகும். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் திருமண் இருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவமாக இருந்தது.

"ஆத்துல இருந்துண்டு குழந்தையைப் பாத்துக்கும்" என்றேன்.

இப்போது மாலையில் நான் கல்லூரியிலிருந்து வரும்போது பேத்தி அவர் மடியில் இருப்பாள், நெற்றித் திருமண்ணைச் சுரண்டிக்கொண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஆண் எறும்பின் பெருமையைச் சொல்கிறார். விலங்கியல் ஆசிரியை நான், பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.