சுவருக்குள் போன ஹூபர்ட்

ஹூபர்ட் கேதர்கோல் எங்கள் ஊர்க் கசாப்புக்கடைக்காரர். கடையை மருமகனிடம் ஒப்படைத்த மறுவாரமே மனைவி எனிட் அவரை வீட்டைவிட்டு விரட்டத் தொடங்கினாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. காலை உணவு முடிந்ததும் தொப்பியைக் கையில் கொடுத்து, மத்தியானம்வரை தலைகாட்டாதே என்பாள். பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் கறி வெட்டும் லட்சணத்தைக் குறை சொன்னால் எந்தப் பெண்தான் பொறுத்துக்கொள்வாள்?

மதுக்கடை திறக்க நேரமாகும். எங்கள் சஃபோக் மாவட்டத்தில் மழைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதனால் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆர்கன் வாசிப்பவள் நான். காலையில் பயிற்சிக்குப் போவேன். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்து, தொப்பியைக் கழற்றி, மழைத்தண்ணீரைக் கல் தொட்டிக்குள் உதறினார்.

"ஹூபர்ட், அது ஞானஸ்நானத் தொட்டி."

"தெரியும் ஆலிவ். தண்ணி தண்ணியோட சேருது, விடு."

கடவுளைப் பற்றி அவருக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ எந்த அபிப்பிராயமும் கிடையாது. ஆனால் கட்டடத்தை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. குதிரைப் பந்தயத்துக்கு வாங்கிய தொலைநோக்கியைக் கொண்டுவந்து, பெஞ்சில் மல்லாந்து படுத்து, கூரையில் மரத்தால் செதுக்கியிருக்கும் தேவதைகளைப் பார்ப்பார். "அந்த ஓரத்துல இருக்கறவளுக்குப் பல்வலி, ஆலிவ்" என்பார். கல்லறைமேல் படுத்திருக்கும் கல் வீரனை விலா எலும்பில் தட்டிப் பார்த்து, நல்ல ஆகாரம் சாப்பிட்டவன் என்று தீர்ப்பு சொல்வார். பாடகர்கள் உட்காரும் பழைய நாற்காலிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றின் அடியில், அங்கி போட்ட நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தது.

அவர் அந்த நரியைக் கண்டுபிடித்த அன்றைக்கு எங்கள் பாதிரியார் ப்ரூவிட் தற்செயலாக உள்ளே வந்தார். சாதுவான மனிதர், ஆனால் நல்ல பருமன்.

"ஐயா, இங்க பாருங்க. அப்படியே உங்களை மாதிரியே கையைத் தூக்கிட்டு நிக்குது."

அடுத்த ஞாயிறு தொடங்கிப் பாதிரியார் பிரசங்கத்தின்போது கைகளை அங்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தவருக்கு மிச்சமிருந்தது, பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் சின்னக் கதவு. அதற்குள் ஒரு சுழல் படிக்கட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் மேலே மரப்பரண் ஒன்று இருந்ததாம். ஏதோ ஒரு ராஜா காலத்தில் பரணை உடைத்துப் போட்டவர்கள், படிக்கட்டை உடைக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே படிகள் சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறி, அந்தரத்தில் ஒரு வாசலில் முடிகின்றன. அந்த வாசலிலிருந்து எட்டிப் பார்க்கலாம். கால் வைக்க இடமில்லை.

அவர் உள்ளே போவதற்குத் தேர்ந்தெடுத்தது ஒரு சனிக்கிழமை. ஸ்கீட் வீட்டுப் பெண் ரோஸலிண்டுக்கு அன்று கல்யாணம். பூ அலங்காரம் எல்லாம் முடிந்து, நான் ஊர்வலப் பாட்டை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் என்னைக் கூப்பிட்டது.

"ஆலிவ். மாட்டிக்கிட்டேன்."

"எங்க?"

"திருப்பத்துல. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல."

"மெதுவா இறங்கி வந்துடுங்க."

"நான் வந்துடுவேன். வயிறுதான் வரமாட்டேங்குது."

பாதிரியாரை அழைத்துவந்தேன். அதற்குள் விருந்தாளிகள் வாசலில் குடைகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் சின்னக் கதவுக்குள் தலையை விட்டு, தாழ்ந்த குரலில் கெஞ்சினார். "மிஸ்டர் கேதர்கோல், இந்தக் கல்யாணம் முடியற வரைக்கும் கொஞ்சம் சத்தம் போடாம இருப்பீங்களா?"

"மூச்சு விடலாமா ஐயா?"

"மெதுவா விடுங்க."

கல்யாணம் தொடங்கியது. இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் இடம் வந்தது. பாதிரியார் அந்தக் கேள்வியை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, சுவரை ஓரக்கண்ணால் பார்த்தார். சுவர் கண்ணியமாக நடந்துகொண்டது. அப்பாடா என்று நான் அடுத்த பாட்டுக்குப் பக்கம் திருப்பினேன்.

ஆனால் உள்ளே ஹூபர்ட் சும்மா இருக்கவில்லை. கீழே வர முடியாவிட்டால் மேலே போகலாம் என்று மூச்சை அடக்கி, புழுவாக நெளிந்து ஏறியிருக்கிறார். எல்லோரும் எழுந்து பாடிக்கொண்டிருக்கும்போது, மணமக்களின் தலைக்கு மேலே அந்தர வாசலில் வந்து நின்றார். உச்சி முதல் முழங்கால்வரை சுண்ணாம்பு. காதிலிருந்து தோள்வரை ஒட்டடை. கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மேலே தூக்கி, அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

எனிட் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். அவள் மெத்தடிஸ்ட் ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். எங்கள் தேவாலயத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் கால் வைப்பாள். அவளுக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் பெரிய அத்தை. காது மந்தம் என்பதால் உரக்கத்தான் பேசுவாள்.

"மேல இருக்கற புனிதர் யாரு?"

"புனித ஹூபர்ட்" என்றாள் எனிட், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"நல்லா சாப்பிட்டவர் போலிருக்கே."

"நாந்தான் சமைச்சுப் போட்டேன்."

ஆராதனை முடியும்வரை அவர் இமைக்கவில்லை. ஒரே ஒருமுறை தும்மினார். அதை நான் ஆர்கனில் மூழ்கடித்தேன். பிறகு ஸ்கீட் தோட்டத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் ஏணி வந்தது. மாப்பிள்ளையே அதைப் பிடித்துக்கொண்டார். இறங்கிவந்த ஹூபர்ட்டை ரோஸலிண்ட் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். எனிட் மட்டும், "வீட்டுக்கு வா" என்றாள்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சிக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஹூபர்ட்டின் கன்னமும் கையும் சுவரில் ஒட்டியிருந்திருக்கின்றன. அந்த இருட்டில் விரலுக்கு ஏதோ கீறல்கள் தட்டுப்பட்டிருக்கின்றன.

"யாரோ கத்தி முனையால படம் போட்டிருக்கான், ஆலிவ். கோடு மேல கோடு. என்ன படம்னுதான் தெரியல. உனக்கு முட்டி வலி. ஐயா என்னைவிடப் பெருசு. யாரை அனுப்பறது?"

எனிட் துடைப்பக்குச்சி போல ஒல்லி. ஆனால் அவளிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வயிறு இளைக்க, உருளைக்கிழங்கு சாப்பிடுவதை விட்டுப் பார்த்தார். பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பத்தை விட முடியவில்லை. வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு காலையில் தேவாலயக் கதவு திறந்தது. தலையில் துணி கட்டி, கையில் டார்ச்சுடன் எனிட் நின்றாள்.

"எந்தக் கதவு?" என்று என்னைக் கேட்டாள். "சாப்பாட்டு மேசையில விரலால கோடு போட்டுக் காட்டிட்டே இருக்கு இந்த மனுஷன். மேசை தேயறதுக்குள்ள பார்த்துத் தொலைக்கறேன்."

பெஞ்சில் படுத்திருந்த ஹூபர்ட் எழுந்து கதவைக் காட்டினார். அவள் பூனை மாதிரி உள்ளே போனாள். பிறகு சுவருக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. எனிட் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஹூபர்ட்டின் முகத்தைப் பார்த்தால், அவரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும் என்று தோன்றியது.

"என்ன அது?" என்று அவர் கதவுக்குள் குனிந்து கேட்டார்.

"கப்பல். பாய்மரம், கயிறு, நங்கூரம் எல்லாம் இருக்கு."

"அப்புறம்?"

"ஓரத்துல ஒரு ஆள் குனிஞ்சு கடல்ல வாந்தி எடுக்கறான்."

"பொய் சொல்லாதே எனிட்."

"வேணும்னா நீயே வந்து பாரு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருவர், மாறி மாறிச் சிரித்தார்கள். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனிட் அவரைக் காலையில் விரட்டுவதில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்தே வருகிறார்கள். ஞாயிறு காலை அவள் தன் ஜெபக்கூடத்துக்குத்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை. போன வாரம் பாதிரியார் தேவாலயத்தைப் பூட்ட வந்தபோது, ஹூபர்ட்டின் பின்புறம் மட்டும் சின்னக் கதவுக்கு வெளியே தெரிந்தது. உள்ளே சுவரில் இருக்கும் இன்னொரு கீறல் படத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.

"அது தொப்பி எனிட்."

"பறவை. அலகு இருக்கு."

"நீ தலைகீழா பார்க்கறே."

"நான்தானே பார்க்கறேன்? நீ எங்க பார்க்கறே?"

பாதிரியார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். "தொப்பியா பறவையான்னு முடிவாகட்டும், அப்புறம் பூட்டிக்கறேன்" என்றார் என்னிடம்.