மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

பள்ளி விடுமுறையென்றால் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் தெம்பனிஸில் இருக்கும் என் நாத்தனார் வருடந்தோறும் அங்கேதான் கூப்பிடுவார்; மறுக்க மனமில்லாமல் நானும் போவேன். இந்த முறை, "காய்ச்சல் அண்ணி" என்று பொய் சொல்லிவிட்டுக் கணவரோடு மலேசியாவின் கேமரன் மலைக்கு ஓடினேன்.

தேநீர்க் கடையில் ஒரே ஒரு மேசைதான் காலி. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். இப்படி டிஷ்யூ வைத்து இடம்பிடிப்பது நாம்தானே!

"யாரோ நம்ம சிங்கப்பூர் ஆளுலா!" என்று சிரித்தேன்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

திரும்பினால், தட்டோடு நாத்தனார்.

"அண்ணி... நீங்க பீச்சுக்குப் போகலையா?"

"உனக்குப் பிடிக்குமேன்னுதான் வருஷா வருஷம் கூப்பிட்டேன். எனக்கு அந்தக் கூட்டமே ஆகாதுலா. நீ வரலைன்னதும் இங்க வந்துட்டேன்."

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. பாக்கெட்டைப் பிரித்து ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

பத்து வருடம், ஒருவருக்காக ஒருவர் வெயிலில் வெந்திருக்கிறோம்.