கம்பைநல்லூர் கறி விருந்தும் என் ஐஸ் பெட்டியும்

பெங்களூரிலிருந்து கம்பைநல்லூருக்கு ஒரு கறி விருந்துக்குப் போய் வந்தேன். நான் கறி சாப்பிடுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என் மனைவி சரசு சிரித்து முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

விஷயம் இதுதான். என் மகள் நித்யாவும் அருளும் காதலித்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அருளுக்குச் சொந்த ஊர் கம்பைநல்லூர் பக்கம், விவசாயக் குடும்பம். அவனுடைய அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் வேலை தருமபுரியில், டவுனிலேயே வாடகை வீடு. மாமியார் வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தும் எட்டு மாதமாக "வா" என்று ஒரு வார்த்தை வரவில்லை. பொங்கல் முடிந்த மறு வாரம் அந்த அம்மாவே நித்யாவுக்குப் போன் செய்து, "உங்கப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம வாங்க, விருந்து வெக்கறோம்" என்றாராம்.

அந்தப் பக்கம் சம்பந்திக்கு விருந்து என்றால் ஆட்டுக்கறிதான். கறி போட்டால்தான் மரியாதை. போட்டதைத் தொடாமல் எழுந்தால், உங்கள் உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். நித்யா போனில் கெஞ்சினாள். "அப்பா, ஒரே ஒரு நாள் சாப்பிட்டுடுங்களேன். எனக்காக."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. படக்கென்று போனை வைத்துவிட்டேன். கோபம் இறங்கியதும் கவலை ஏறியது. பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது போயும் போயும் என் இலையில் வந்து நிற்கிறதே!

நான் கறியை விட்ட கதை பெரிய ஞானோதயக் கதை எல்லாம் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்றேன். பக்கத்தில் கட்டியிருந்த ஆடு என் சட்டை நுனியைப் பிடித்து மென்றுகொண்டிருந்தது. நான் இழுக்க, அது இழுக்க, கொஞ்ச நேரம் விளையாட்டாக இருந்தது. என் முறை வந்தபோது வாய் வரவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். அதோடு சரி.

ஆனால் நாக்கு விட்டதா? அது பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மிளகு வாசம் தேடும். அதனால் மீல்மேக்கர் வறுவல், பலாக்காய் பிரியாணி, வாழைக்காயை மீன் துண்டு மாதிரி நறுக்கிப் பொரித்தது என்று எதையும் விட்டு வைப்பதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். கறி வேண்டாம் என்று விட்டாயிற்று, அப்புறம் எதற்கு ஐயா கறி மாதிரி ஒன்று? பதில் சொல்லத் தெரியாமல் ஏழு வருடமாக எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் நானும் நித்யாவும் ஒரு திட்டம் போட்டோம். ஆட்டுக்கறி மாதிரியே இருக்கும் என்று போட்டிருந்த சோயா பாக்கெட் ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது. நித்யா சமையலறைக்குள் எப்படியாவது நுழைந்து, அதைத் தனியாகச் சுட வைத்து, என் இலையில் மட்டும் போட்டுவிடுவது. யாருக்கும் தெரியாது. சரசு மட்டும், "உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றாள்.

ஞாயிறு காலை 5.40க்கு சாந்திநகரில் தருமபுரி வழியாகப் போகும் சேலம் பஸ். ஓசூர், கிருஷ்ணகிரி வழி, சுமார் 130 கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு 165 ரூபாய். என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர் நின்றுவிட்டார்.

"என்னாங்க பெட்டியில? மீனா?"

"மீன் இல்லீங்க. கறி மாதிரி. ஆனா கறி இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாத்தம் வந்துச்சுன்னா பெட்டியோட எறக்கி உட்ருவேன் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

தருமபுரியில் 8.50க்கு இறங்கினோம். நித்யாவும் அருளும் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார்கள். அங்கிருந்து கம்பைநல்லூருக்கு டவுன் பஸ், ஏறத்தாழ 25 கிலோமீட்டர், எனக்கு டிக்கெட் 22 ரூபாய். பெண்களுக்கு இலவசம். வழி நெடுக புளியமரம், தக்காளித் தோட்டம், நடுவில் தென்பெண்ணை. நல்ல வழி. நான்தான் எதையும் ரசிக்கவில்லை. நித்யா என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது இப்படித்தான் கடிப்பாள்.

வீட்டு வாசலில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நின்றிருந்தார்கள். சம்பந்தி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அந்த அம்மா அளந்துதான் சிரித்தார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கொடுத்த கையோடு, "குடுங்க அண்ணா, எவ்வளவு நேரமா தூக்கிக்கிட்டு வந்தீங்களோ" என்று ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஊரில் வருகிறவர் கையில் இருப்பதை வாசலிலேயே வாங்கி, உள்ளே கொண்டுபோய்ப் பிரித்துவிடுவார்கள். பழமோ பலகாரமோ, விருந்தாளி கொண்டு வந்ததை உடனே எடுத்து வைப்பது அவர்கள் மரியாதை. இதை நானும் யோசிக்கவில்லை, என் மகளும் யோசிக்கவில்லை. திட்டம் போட்ட லட்சணம்!

இரண்டு நிமிடத்தில் அந்த அம்மா பாக்கெட்டோடு திரும்பி வந்தார். அதன் மேல் கொதிக்கிற குழம்பில் கறித்துண்டு மிதக்கிற மாதிரி பெரிய படம். இங்கிலீஷ் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

"என்னாங்க அண்ணா இது, கறியா? எங்க வூட்ல கறி பத்தாதுன்னு பெங்களூர்ல இருந்து கொண்டாந்தீங்களா?"

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சம்பந்தியின் சிரிப்பு போய்விட்டது. அருள் தரையைப் பார்த்தான். நித்யாவின் முகம் வெளிறியதைப் பார்த்தேன் பாருங்கள், எனக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

"அது கறி இல்லீங்கம்மா, சோயா. நான் கறிய விட்டு ஏழு வருஷம் ஆச்சு. சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு பயம். உங்க பந்தியில உக்காந்து உங்களோட சாப்பிடணும், அதுக்காகத்தான் இந்தத் திருட்டு வேலை. எம் பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். சம்பந்தி தலையைச் சொறிந்தபடி, "சொல்லிடு, இனிமே என்ன" என்றார்.

"நானும் சாப்படறதில்லீங்க அண்ணா."

எனக்குப் புரியவே இல்லை. கூடத்தில் கறிக்குழம்பு வாசம் கும்மென்று நிற்கிறது. காலை ஐந்து மணிக்கே எழுந்து அதைச் செய்தவர் இவர்.

"ஆறு வருஷமா இல்லீங்க. கோழி வளத்து நானேதான் அறுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளு கை வரல. அவ்வளவுதான். ஆக்கிப் போடுவேன், திங்க மாட்டேன். இன்னிக்கி நீங்கல்லாம் சாப்பிட்டப்பறம், நீ ஏம்மா கறி வெச்சுக்கலன்னு கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு நேத்துல இருந்து எனக்கு ரோசனை. விருந்து வெக்கறவளே திங்கலேன்னா நல்லாவா இருக்கும்?"

அருள் வாயைப் பிளந்தான். "எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ என்னிக்கிடா நான் திங்கறதப் பாத்த?"

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மாவின் தட்டை யார் எட்டிப் பார்க்கிறோம்? என் அம்மா தட்டையும் நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு சின்னக் குண்டாவை எடுத்து வந்து திறந்து காட்டினார். அதே மசாலா, அதே தேங்காய், அதே மிளகு. துண்டு மட்டும் மீல்மேக்கர். கறிக்குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்திலேயே, வேறு கரண்டி போட்டுத் தனியாகச் செய்து வைத்துக்கொள்வாராம். ஏழு வருடமாக எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வியை வெட்கமில்லாமல் நானே அவரிடம் கேட்டேன். கறியை விட்டவருக்கு எதற்கு இது?

"கறி ஆசை இல்லீங்க அண்ணா. எல்லாரும் சப்புக் கொட்டித் தின்னுட்டுப் போனப்பறம் நாம மட்டும் ரசத்த ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தா, எழவு வூட்டுச் சோறு மாதிரி இருக்குது. நான் கறியத்தான உட்டேன்? ஞாயித்துக்கெழமையவா உட்டேன்?"

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! அப்படியே அவர் காலில் விழலாமா என்று தோன்றியது.

இலை போட்டார்கள். கேழ்வரகுக் களி, சோறு, கறிக்குழம்பு, வறுவல். குண்டாவில் இருந்தது ஒரு ஆளுக்குத்தான் வரும். அதை முழுக்க என் இலையில் கவிழ்க்க வந்தார். நான் இலை மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டேன். "நீங்களும் உக்காந்தாத்தான் சாப்பிடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தேன். "பரிமார்றது யாருங்க?" என்றார். அதற்குள் நித்யா எழுந்து, "நான் போடறேன் அத்தை" என்று கரண்டிக்குக் கையை நீட்டினாள். அந்த அம்மா ஒரு நொடி தயங்கினார். பிறகு கரண்டியைக் கொடுத்து, "மொதல்ல உங்கம்மாவுக்குக் கறி வெய்யி கண்ணு, அவங்க எலயப் பாரு, காலியா இருக்குது" என்றார்.

கண்ணு என்றதும் சரசு மூக்கை உறிஞ்சினாள். காரம் என்று சமாளித்தாள். நானும் காரம் என்றே சமாளித்தேன்.

குண்டாவில் இருந்ததை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். களியில் குழி பறித்து அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டதை எழுதினால் இந்தப் பதிவு முடியாது. நான் கொண்டுபோன பாக்கெட்டைச் சாயங்காலம் வறுத்தோம். ரப்பர். வாசலில் இருந்த நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டி மட்டும் சம்பந்திக்குப் பிடித்துப்போய், தோட்டத்துக்கு மோர் கொண்டுபோக வைத்துக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் இருவரும், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஒகேனக்கல் போனோம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி, ஒன்றரை மணி நேரம். நாங்கள் போனபோது பரிசலுக்கு நாலு பேருக்குச் சேர்த்து 1,500 ரூபாய். அருவிக்குப் போகிற வழியில் மீன் வறுத்துத் தரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சம்பந்தியம்மா ஓர் அக்காவிடம் இரண்டு வாழைக்காயை நீட்டி, மீன் மசாலா தடவிப் புது எண்ணெயில் போட்டுத் தரச் சொன்னார். "மீன் ஊருக்கு வந்து வாழக்காயாங்க?" என்று அந்த அக்கா சிரித்தாலும், கல்லைக் கழுவி, எண்ணெயை மாற்றி, முறுகலாகப் போட்டுக் கொடுத்தார். கூலி 60 ரூபாய். பக்கத்தில் சரசுவும் சம்பந்தியும் மீன். நாலு பேரும் ஒரே பாறையில் உட்கார்ந்து முள்ளும் தோலுமாகத் துப்பிக்கொண்டிருந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பெங்களூரிலிருந்து காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டால் ஓசூர் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். கம்பைநல்லூரில் லாட்ஜை நம்பாதீர்கள், தருமபுரியில் தங்கிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல்லில் தண்ணீர் அதிகம் என்றால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் மீன் கடைகளில் கூச்சப்படாமல் புது எண்ணெய் கேட்கலாம். விருந்துக்குப் போகிறவர்கள், நீங்கள் சாப்பிடாதது எது என்று முன்கூட்டியே போனில் சொல்லித் தொலையுங்கள். என்னை மாதிரி பெட்டி தூக்காதீர்கள். கறி மாதிரி ஒன்று ஏன் என்று யாராவது கேட்டால் எரிந்து விழாமல் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாய் கொடுங்கள். நானும் அப்படித்தான் செய்வதாக இருக்கிறேன், கோபம் வராத நாளில்.

நித்யாவும் அருளும் இப்போது சனிக்கிழமை சாயங்காலமே கம்பைநல்லூர் போய்விடுகிறார்கள். போன ஞாயிறு மதியம் போன் செய்தேன். பின்னால் தட்டுச் சத்தமும் சம்பந்தியம்மாவின் சிரிப்பும் கேட்டது.

"அப்பா, அப்பறம் பேசறேன்" என்றாள் நித்யா. "அத்தையும் நானும் சாப்பிட உக்காந்துட்டோம். அருள் பரிமாறிக்கிட்டு இருக்காரு."