நாற்பது தையல் புத்தகங்கள்

1. பின்னட்டை

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு தமிழ் அச்சகத்தில் பத்தொன்பது வருடம் டிசைன் வேலை செய்தேன். கல்யாணக் கார்ட், பெண்பிள்ளை வயசுக்கு வந்ததைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டுக் கார்ட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று எங்கள் ஆட்களின் நல்லது கெட்டது முழுக்க என் கையால் போனது. பிழை விட்டு ஏச்சு வாங்கிய நாட்கள் கனக்க. ஆனால் ஒரு பிழையை மட்டும் மறக்க முடியவில்லை. அதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். தன் நாற்பது புத்தகங்களையும் எடுத்துப் போகப் பரீதா வந்திருந்தார். ஆப்கானிஸ்தானில், ஹெராத் நகரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே பக்கத்து மோர்னிங்சைட்டில் ஒரு டேகெயாரில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மேலே இருந்த புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. அட்டையின் அடியில் விரலை வைத்தார். அங்கே சின்ன எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர், ஸ்காபரோ, ரெலிபோன் நம்பர்.

நாங்கள் அடிக்கிற எல்லாவற்றுக்கும் பின்னட்டையில் அந்த வரி போகும். எல்லா வேலைக்கும் அடிப்படையான ரெம்ப்ளேற்றிலேயே அதை அசைக்க முடியாமல் வைத்திருந்தோம். பரீதாவின் மொழியை வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். எங்களுக்குப் பின்னட்டை, அவர்களுக்கு முன்னட்டை. புத்தகத்தை வலப்பக்கம் கட்ட வேண்டும் என்று அத்தனை கவனமாக இருந்த எனக்கு இது மூளையில் ஏறவில்லை. உள்பக்கங்களுக்கு இரண்டு தரம் புரூஃப் எடுத்தேன். அட்டைக்கு எடுக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என் தங்கை வீட்டில் அரசாங்க ஆட்கள் இதைக் கண்டால், கனடாவில் இருந்து யார் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். பிறகு அவள் நடத்துகிற வகுப்பு இருக்காது. தங்கையை என்ன செய்வார்களோ தெரியாது."

புத்தகங்களைக் கொண்டுபோக இருந்த உறவுக்காரர் சனிக்கிழமை பிளேன் ஏறுகிறார்.

2. புத்தகம் வந்த கதை

ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று மதத்தின் பேரால் அரசாங்க உத்தரவு. பரீதாவின் தங்கை வீட்டில் தையல் வகுப்பு வைத்திருந்தார். தையலுக்குத் தடையில்லை. அதனால் பரீதா ஒரு தையல் புத்தகம் எழுதினார். இடுப்பளவை வைத்து வட்டப் பாவாடைக்கு ஆரம் கண்டுபிடிப்பது, கை வெட்டுக்குக் கோணம், சின்னச் சட்டையைப் பெரிதாக்க விகிதம். எட்டாம் வகுப்புக் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. "இதில் ஒரு பக்கம்கூடப் பொய் இல்லை. இதைப் பார்த்து உண்மையாகவே சட்டை தைக்கலாம்," என்றார்.

எனக்குத்தான் ஆர்வக் கோளாறு. கையை உயர்த்திய ஒரு பெண்ணை அட்டையில் போட்டு, 'படிப்பு எங்கள் உரிமை' என்று சிவப்பில் டிசைன் செய்து காட்டினேன். பரீதா சிரித்தார். "வடிவாக இருக்கிறது. இதை நீங்கள் இங்கே தூக்கிப் பிடிக்கலாம். அடி அங்கே விழும்." அட்டைக்கு ஊசியும் நூலும் போதும் என்றார். தங்கை கேட்டதும் அதைத்தானாம்.

அன்று மகளின் சாமத்திய வீட்டுக் கார்ட்டுக்கு வந்திருந்த ஒருவர் எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றார். "உவையின்ர சமயம் அப்பிடித்தானே அக்கா. பொம்பிளையளைப் பூட்டித்தான் வைப்பினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சாமத்திய வீட்டுக்கு மகளைக் கொண்டுவந்து இறக்க ஹெலிகொப்டர் வாடகைக்குப் பிடிச்சிருக்கிறியள் தம்பி. உந்தக் கொண்டாட்டம் வேணுமோ எண்டு அவளை ஒருக்கால் கேட்டனீங்களோ?"

அவர் கார்ட் அல்பத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் சொன்னதைப் பரீதாவுக்கும் சொன்னேன். கோபிக்கவில்லை. "நான் ஐந்து வேளையும் தொழுகிறவள். படி என்றுதான் என் சமயம் சொன்னது. பூட்டியது அரசாங்கம். பூட்டில் கடவுளின் பெயரை எழுதிவிட்டார்கள்."

3. சிவம் அண்ணை

பிழை பிடிபட்ட வியாழக்கிழமைக்கு வருகிறேன். முதலாளி சிவம் அண்ணை உள்ளேயிருந்து வந்தார். கடையின் பெயர் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருமுறை பெயர் விடுபட்டதற்காக முந்நூறு கார்ட்டைத் திருப்பி அடிக்க வைத்தவர்.

"அண்ணை, நான்தான் பிழை விட்டனான். புது அட்டை அடிக்க வேணும். பேர் போடாமல்."

நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணத்தில என்ர அச்சகத்துக்குத் துவக்கோட வந்து நிண்டு, கடைப் பேர் போடாமல் நோட்டீஸ் அடிச்சுத் தா எண்டவங்கள். பயத்தில அடிச்சுக் குடுத்தனான். அதில துரோகி எண்டு பேர் கிடந்த ஒரு பெடியனை நான் அறிவன், பிறகு அவன் உயிரோட இல்லை. இங்க வந்தாப் பிறகு, பேர் இல்லாமல் ஒண்டும் அடிக்கிறேல்லை எண்டு இருந்தனான்."

புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"அது அடிப்பிச்சவங்கள் ஒளிக்கிறதுக்கு. இது படிக்கிற பிள்ளையளைக் காப்பாத்திறதுக்கு. ரெண்டும் ஒண்டில்லை. நீ அட்டையை அடி பிள்ளை, நான் பின்னைக் கழட்டிறன்."

மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். அண்ணை ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு கம்பிப் பின்களை, தாள் கிழியாமல் கழற்றினார். நான் புது அட்டை வைத்துப் பின் அடித்தேன். பரீதா ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பார்த்துப் பெட்டிக்குள் வைத்தார். பழைய அட்டைகளை நானே மெஷினில் போட்டு அரைத்தேன். எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். மனம் நிறைந்து செய்தது அன்றைய திருத்த வேலைதான்.

4. பிறகு

இரண்டு மாதம் கழித்துப் பரீதா கடைக்கு வந்தார். தங்கை வீட்டுக்குச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்களாம். புத்தகத்தை எடுத்து, அட்டையைப் பார்த்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்களாம். தங்கை சுவரோடு ஒட்டி நின்றாளாம். கடைசியில் அவர்களில் ஒருவர் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாராம், தன் மகள் தையல் பழக ஆசைப்படுகிறாள் என்று.

சொல்லிவிட்டுப் பரீதா சிரித்தார், அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. "அந்தப் பிள்ளையும் பாவாடை தைக்கட்டும்," என்றார்.

பிள்ளைகளே, ஒரு வேலை வந்தால் எத்தனை பிரதி, என்ன கலர் என்று கேட்பதற்கு முன், இது யாருடைய கையில் பிடிபடும் என்று கேளுங்கள். எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் அப்படிப் பிடிபடக்கூடியவர்தான். நான் சொன்னபடி சிவப்பு அட்டை போயிருந்தால், சோதனைக்கு வந்த அந்த மனிதர் அதைத் தன் மகளிடம் கொண்டுபோயிருக்க மாட்டார்.