மாமா வெட்டி வந்த கொடி

சித்திரபுரத்துக்கும் மேலே, மலையில் இருந்தது எங்கள் எஸ்டேட். அங்கே துரை பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்களோடு இருந்த தாய்மாமா. பங்களா வராந்தாவில் ஒரு கொடி. ஒவ்வொரு இலை நுனியிலும் மூடி போட்ட சின்னக் குடுவை தொங்கும். உள்ளே விழுந்த பூச்சி வெளியே வராது. துரைசாணி அதை யாரையும் தொடவிடமாட்டார்.

எனக்கு எட்டு வயது. ஆவணி மழையில் ஒருநாள் மாமா அந்தக் கொடியின் மூன்று துண்டுகளைச் சட்டைக்குள் வைத்து எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்ததும் இலைகளைப் பாதிப் பாதியாகக் கத்தரித்தார். குடுவையெல்லாம் போயிற்றே என்று நான் அழுதேன்.

"வேரே இல்ல. இம்புட்டு இலைக்கும் தண்ணிக்கு அது எங்க போகும்?" என்றார்.

ஈரப் பாசியில் துண்டுகளை ஊன்றி, கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்து, அடுப்படி ஜன்னலில் வைத்தார். பூச்சி தின்னும் செடி பட்டினி கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. மாமா வேலைக்குப் போனதும் ஈ, எறும்பு, ஞாயிற்றுக்கிழமைக் கறியில் ஒரு துணுக்கு என்று உள்ளே போட்டுவந்தேன். பூஞ்சை பிடித்து இரண்டு துண்டுகள் அழுகின. மாமா அடிக்கவில்லை. பாசியை மாற்றிவிட்டு, "இதுக்கு இன்னும் வாய் மொளைக்கலடி. மொளைச்சதும் நீயே ஊட்டு" என்றார்.

மிஞ்சியது பிழைத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் புது இலையின் நுனியில் நெல்மணி அளவில் ஒரு குடுவை வந்தது. அது பெரிதாகி மூடி திறந்ததும் முதல் எறும்பை நான்தான் போட்டேன். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தார் யாரையும் அடுப்படிப் பக்கம் அண்டவிடவில்லை.

தை மாத உறைபனியில் பங்களாக் கொடி கருகிப்போயிற்று. துரைசாணி அழுததை மாமா பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் தொட்டியைத் தூக்கினார்.

"ஏதுன்னு கேட்டா என்னண்ணே சொல்லுவ?" என்றாள் அம்மா.

"கேக்காம வெட்டுனேன்னுதான்."

பங்களாத் தோட்டத்தில் கைவைத்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் செடி போகிறதே என்று அவர் பின்னால் பாதி வழி அழுதுகொண்டே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா சாப்பிடாமல் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் செடி மேல்தான் இவ்வளவு பாசம் என்று நினைத்து, கூடவே முட்டி போட்டேன்.

மதியம் மாமா வெறுங்கையோடு வந்தார். துரைசாணி தொட்டியைத் தன் கையாலேயே வாங்கி வைத்தாராம். பிறகு, கொடி வளர்ந்ததும் எங்களுக்கும் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளச் சொன்னாராம். அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துத் தேம்பினாள். ஒரு துண்டுக் கொடிக்கா இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.